நூலகத்துக்கு வரும் புது நூல்களும் நம் சமுதாயமும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சங்கம் நடத்திய மாலை வகுப்புகளைப் பற்றியும், வழங்கிய உதவித்தொகைகளைப் பற்றியும், பட்டம் பெற்ற நம் பிள்ளைகளைப் பற்றியும் இம்மலரில் பலர் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது போலத் தோன்றலாம். ஊரிலுள்ள ஒரு சிறு நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்து சேர்கின்றன. சணல் கயிற்றால் கட்டிய கட்டுகளை நூலகர் அவிழ்க்கிறார், எண்ணிடுகிறார், முத்திரையிட்டு அடுக்குகிறார். எங்கும் நடக்கும் நிகழ்ச்சிதானே இது என்று கேட்கலாம்.

ஆனால் அந்தக் கட்டு நம் ஊருக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் ஆயிற்று. அந்த நூலகத்தின் வாசற்படியில் நம் பிள்ளைகள் கால் வைக்கவும், அங்குள்ள அடுக்கில் நம் முன்னோரின் எழுத்து இடம்பெறவும் பலர் உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதை அறியாதவர்க்கு நூலகம் ஒரு கட்டடமாகவே தோன்றும். அறிந்தவர்க்கு அது தம் உடைமையாகத் தோன்றும்.

முன்னோர் கையில் இருந்த ஏடு

நம் சமுதாயத்தார் என்றும் எழுத்தறியாதவராகவே இருந்தனர் என்னும் எண்ணம் நம்மிடையேகூட நிலவுகிறது. இது முழு உண்மையன்று. சித்த மருத்துவமும் சோதிடமும் ஓலைச்சுவடிகளும் நம் இல்லங்கள் சிலவற்றில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்தன. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) அத்தகைய மரபில் தோன்றியவரே. ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டை எல்லீசு துரையிடம் அளித்தார் என்று பண்டிதர் பதிவு செய்துள்ளார். அச்சகம் புதிதாகத் தோன்றிய காலத்தில் நூல்களைப் பெறுவோராக மட்டுமன்றி, நூல்களைத் தருவோராகவும் நம்மவர் இருந்தனர் என்பதற்கு இப்பதிவு சான்றாகும்.

1869ஆம் ஆண்டிலேயே ‘சூரியோதயம்’ என்னும் இதழ் நம்மவரால் நடத்தப்பட்டது. 1893ஆம் ஆண்டு அக்டோபரில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ, அந்தப் பெயரையே தலைப்பாக இட்டு, தலை நிமிர்ந்து அதனை விற்றார். நான்கு பக்கமுள்ள மாத இதழாகத் தொடங்கிய அது, பின்னர் வார இதழாக வளர்ந்து, 1900ஆம் ஆண்டு வரை நடந்தது. 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிட்டார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறி, அவர் மறையும் வரை தொடர்ந்தது. பின்னர் 1926 முதல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். பூமிக்கடியில் இறங்கிப் பொன் வெட்டிய தொழிலாளர் வாழ்ந்த அவ்வூரில் பண்டிதரின் நூல்களும் அச்சேறின.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூலகம் நமக்குத் திறக்கப்படுவதற்கு முன்பே நாம் இதழ் நடத்தினோம். நூல் வாங்க இயலாத ஏழைக்கும் எட்டட்டும் என்று பண்டிதர் தம் இதழின் விலையை ஒரு பைசாவாக வைத்தார். எழுத்து ஏழையின் வீட்டு வாசலுக்கு வரவேண்டும் என்பதே அவ்விலையின் பொருள். பொது நூலகத்தின் நோக்கமும் இதுவன்றோ?

வாசல் திறந்த வரலாறு

1924ஆம் ஆண்டு நம் வரலாற்றில் மறக்கத்தகாத ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகிய எவற்றையும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. அப்போது நம் நாட்டுப்புறங்களில் பொது நூலகம் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. ஆயினும், பின்னாளில் நூலகங்கள் தோன்றியபோது அவற்றின் வாசலில் நாம் நின்று பேசுவதற்குரிய நியாயத்தை அத்தீர்மானம் முன்னதாகவே தந்துவிட்டது.

அதே 1924ஆம் ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். கணிதப் பேராசிரியராக இருந்த அவர், நூலகக் கலையை இந்தியாவில் ஓர் அறிவியலாகவே வளர்த்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலை அவர் வெளியிட்டார். நூல் பூட்டிக் காப்பதற்கன்று, மக்கள் எடுத்துப் பயில்வதற்கே என்பதும், ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், நூலகம் நாளும் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதும் அவ்விதிகளின் கருத்துகளாகும். ‘ஒவ்வொருவருக்கும்’ என்னும்போது அதில் சேரியும் அடங்கும், அடங்கவேண்டும்.

அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பாரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. நூல் நிறைந்த வண்டி சிற்றூர்களுக்குச் சென்று, நூல்களை வழங்கி, முன்பு கொடுத்தவற்றைத் திரும்பப் பெற்று வந்தது. சாலை வசதியில்லாத அக்காலத்தில் புது நூல் ஊருக்குள் வந்த விதம் அது.

நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென இயற்றப்பட்ட முதற் சட்டம் இதுவேயாகும். 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் இது நடைமுறைக்கு வந்தது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று.

அதே 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பெற்ற அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பேணப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. ஆக, நுழையும் உரிமையும் நுழைவதற்குரிய நூலகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சட்டத்தால் நமக்குக் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளியில் வந்த இவ்விரு சட்டங்களையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நூல் வரும் வழி

நூலகத்துக்கு நூல் வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நம் மாணவர்களைக் கேட்டால், அரசாங்கம் கொடுக்கிறது என்பார்கள். அரசாங்கம் கொடுப்பது உண்மையே. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு நூலக வரியில் இருக்கிறது. வீட்டுவரியோடு சேர்த்து நூலகத்துக்கெனத் தனி வரி ஒன்று தண்டப்படுகிறது. இப்போது வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் இவ்வரி வருகிறது. ஊராட்சியும் நகராட்சியும் அதனைத் தண்டி நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

நம் குடியிருப்பிலுள்ள ஒரு சிறு ஓட்டு வீட்டின் வரிச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அதிலும் நூலக வரி உண்டு. வயலில் நடவு நட்டுப் பெற்ற கூலியிலிருந்து நம் தாய்மார் கட்டிய வரியின் ஒரு பங்கு புத்தகமாக மாறி நூலக அடுக்கில் நிற்கிறது. எனவே நூலகத்தில் நாம் அமர்வது எவரும் நமக்குச் செய்யும் தயவன்று. நம் பணத்தில் வாங்கிய நூலை நாம் படிக்கிறோம். இவ்வொரு செய்தியை ஒவ்வோர் இளைஞனும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பதிப்பகத்தார் அனுப்பும் நூல்கள் தெரிவுக்குழுவால் ஆராயப்படுகின்றன. தெரிவான நூல்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் வழியாக மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றுக்குப் பங்கிடப்படுகின்றன. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் வாயிலாக ஊராட்சிகள்தோறும் நூலகங்கள் எழுந்தன. கட்டு வந்து சேர்ந்ததும் நூலகர் ஒவ்வொரு நூலையும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி வரிசை எண் இடுவார். பொருளுக்கேற்ற பகுப்பெண் எழுதுவார். முகப்புப் பக்கத்திலும், குறிப்பிட்ட ஓர் உட்பக்கத்திலும் முத்திரை இடுவார். இறுதியில் தேதித்தாளை ஒட்டுவார். அதன் பின்னரே நூல் அடுக்குக்குச் செல்லும்.

நாம் கண்ட ஒரு காட்சி

நாம் உயர்நிலைப்பள்ளி மாணவராக இருந்த 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதிக் கிளை நூலகம் ஊர்த்தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. சட்டப்படி எவரும் செல்லலாம். ஆனால் குடியிருப்புப் பிள்ளைகள் அத்தெருவழியே செருப்பணிந்து நடப்பதையே விரும்பாதவர்கள் சிலர் அங்கு இருந்தனர். நாம் முதன்முறை சென்று செய்தித்தாள் மேசையருகே அமர்ந்தபோது, எதிரே இருந்த பெரியவர் ஒருவர் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த வாரமும் அவ்வாறே நடந்தது. நம்மோடு வந்த நண்பர் இருவர் அதன்பின் வரவில்லை. வாசலில் எவரும் தடுக்கவில்லை. ஆயினும் அவ்விருவரும் தடுக்கப்பட்டவர்களே.

மூன்றாம் வாரம் நாம் தயங்கித் தயங்கிச் சென்றபோது புது நூல் கட்டு வந்திருந்தது. நூலகர் தனியாக அமர்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எந்தச் சாதியினர் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. நம்மைப் பார்த்து, “தம்பி, இங்கே வா. முத்திரை போடத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றோம். மைப்பெட்டியில் எவ்வாறு ஒற்ற வேண்டும், எந்தப் பக்கத்தில் எவ்வாறு பதிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்து, முத்திரையை நம் கையில் கொடுத்தார். அன்று மாலை வரை அக்கட்டு முழுவதற்கும் நாமே முத்திரையிட்டோம். பின்னர் அந்நூல்களை எடுத்துச் சென்று படித்தவர்களுள் எழுந்து போன பெரியவரும் ஒருவர். நம் கை பட்ட பக்கத்தைப் புரட்டாமல் அந்நூலை எவரும் படித்திருக்க இயலாது.

அக்கட்டிலிருந்த நூல்களில் ஒன்றுகூட அண்ணல் அம்பேத்கரைப் பற்றியதாக இல்லை. நாம் அதனை நூலகரிடம் கேட்டோம். அவர் மறுமொழி கூறாமல் வாசகர் பரிந்துரைப் பதிவேட்டை எடுத்து நம் முன் வைத்து, எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். எழுதினோம். ஓராண்டுக்குப் பின் அண்ணலின் வாழ்க்கை வரலாறு ஒன்று வந்தது. சிறிய நூல்தான். அதற்கும் நாமே முத்திரையிட்டோம். நூல் தானாக வருவதில்லை, கேட்டால்தான் வரும் என்பதை அன்று கற்றோம். பிற்காலத்தில் நாம் ஆசிரியப் பணிக்கு வந்ததற்கு அம்மாலைப் பொழுதும் ஒரு காரணம்.

வந்தவையும் அவற்றின் விலையும்

அண்ணல் அம்பேத்கர் நூலுக்காகப் பட்ட பாட்டை நாம் நினைக்க வேண்டும். நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், உணவுச் செலவைச் சுருக்கிப் பழைய புத்தகக் கடைகளில் ஏராளமான நூல்களை வாங்கினார். 1917இல் அவர் தாயகம் திரும்பியபோது, அவருடைய பொருள்களை ஏற்றிவந்த வேறொரு கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. அவர் மனம் தளரவில்லை, மீண்டும் வாங்கினார். பம்பாயில் ‘இராஜகிருகம்’ என்னும் தம் இல்லத்தைக் கட்டியபோது நூல்களுக்கே பெரும் இடம் ஒதுக்கினார். நூலை இழந்தவர் மீண்டும் நூலையே தேடினார் என்பது நமக்குப் பாடம்.

அவர் எழுதியவை யாவும் அவர் மறைந்த உடனே நம் கைக்கு வந்துவிடவில்லை. மராட்டிய மாநில அரசு அவருடைய எழுத்தும் பேச்சும் அடங்கிய முதல் தொகுதியை 1979இல்தான் வெளியிட்டது. அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின்னர் அது வந்தது. தமிழாக்கத் தொகுதிகள் அதற்கும் பிறகே வந்தன. பண்டிதர் அயோத்திதாசரின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. ‘தமிழன்’ இதழில் அவர் எழுதியவை ஞான. அலாய்சியசின் தொகுப்பில் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது 1999இல். பண்டிதர் மறைந்து அப்போது 85 ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை ஆண்டுகள் பழைய இதழ்களை எவரோ சிலர் தம் வீடுகளில் கரையானிடமிருந்து காத்திருக்கின்றனர். அவர்கள் காத்திராவிடில் இன்று அச்சிட ஒன்றும் எஞ்சியிராது.

நம் வாழ்வைப் பொருளாகக் கொண்ட படைப்புகளும் படிப்படியாகவே வந்தன. ஈழத்தில் கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இலும், தமிழகத்தில் பூமணியின் ‘பிறகு’ 1979இலும், சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலும், பாமாவின் ‘கருக்கு’ 1992இலும் வெளிவந்தன. நாம் முத்திரையிட்ட அந்த மாலையில் இவற்றுட் சில எழுதப்படவே இல்லை. இன்றைய மாணவர்க்கு இவை யாவும் கிடைக்கின்றன. நமக்குக் கிட்டாத செல்வம் அவர்க்குக் கிட்டியுள்ளது.

தேதித்தாள் கூறும் செய்தி

இனிக் கூறப்போவது நம்மவர் சிலர்க்குக் கசப்பாக இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்குச் சென்றிருந்தோம். அயோத்திதாசர் தொகுதி அங்கு இருந்தது. அண்ணலின் தொகுதிகளும் வரிசையாக இருந்தன. மகிழ்ச்சியோடு ஒன்றை எடுத்துத் தேதித்தாளைப் பார்த்தோம். அதில் ஒரு தேதிகூட இல்லை. நூல் வந்து பல ஆண்டுகள் ஆகியும் எவரும் எடுத்துச் செல்லவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்நூலகத்துக்கு மிக அருகில் இருப்பது நம் குடியிருப்பே.

அன்று நூலகத்துள் நுழைய நமக்குத் தடை இருந்தது, நூல் இல்லை. இன்று தடை நீங்கியது, நூலும் வந்தது. எடுத்துப் படிக்க நம்மவர் வரவில்லை. இதற்கு எவர்மேல் பழி போடுவது? கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறது என்று மாணவர் கூறுகின்றனர். கிடைப்பது உண்மைதான். ஆயினும் 300 பக்க நூலை அமர்ந்து படித்து, ஒரு கருத்தை அதன் வேர்வரை சென்று அறியும் பழக்கம் கைப்பேசியில் எளிதில் வாய்ப்பதில்லை. போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்களை மட்டும் எடுத்துப் படிப்போரும் உளர். அவர்களை நாம் குறை கூறோம், வேலை வேண்டும். ஆனால் வேலை பெற்றபின் தாம் எவ்வழியே வந்தோம் என்று அறியாதவராக அவர்கள் இருத்தல் கூடாது.

எடுத்துப் படிக்கப்படாத நூலுக்கு இன்னொரு கேடும் உண்டு. வாசகர் தேடும் நூலையே நூலகம் மேலும் வாங்க முற்படும். தேதித்தாள் வெறுமையாக இருந்தால் அத்தகைய நூலை ஊரில் எவரும் விரும்பவில்லை என்றே பொருள் கொள்ளப்படும். நாம் படிக்காமல் விட்டுவிட்ட ஒவ்வொரு நூலும் அடுத்து வரவேண்டிய நூலைத் தடுக்கிறது.

ஆகவே சங்க உறுப்பினர்களிடமும் இளைஞர்களிடமும் நாம் வேண்டுவன சில. பத்து வயது நிரம்பிய நம் பிள்ளைகள் அனைவரும் நூலக உறுப்பினராதல் வேண்டும். காப்புத்தொகை செலுத்த இயலாதவர்க்குச் சங்கம் உதவலாம். பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் உள்ளனர். அவர்களுக்காக ஞாயிறுதோறும் சங்கத்து மகளிர் துணை சென்று வருதல் நலம். நூலக வாசகர் வட்டத்தில் நம்மவர் இடம்பெற வேண்டும். வசதியுடையோர் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகலாம்; திருமணத்துக்கும் காதணி விழாவுக்கும் பதாகை வைக்கும் செலவில் இது சிறு பகுதியே. வேண்டிய நூலின் பெயரைப் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடத் தயங்கலாகாது. பழைய இதழோ கடிதமோ துண்டறிக்கையோ வீட்டில் இருப்பின் அதனைக் குப்பையில் போடாது சங்கத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். அது நாளை ஒரு நூலாகலாம்.

இவ்வாண்டு நம் ஊர் நூலகத்துக்குப் புது நூல் கட்டு வரும்போது நம் மாணவர் நால்வரேனும் அங்குச் சென்று நூலகர்க்கு உதவட்டும். எண்ணிடட்டும், முத்திரை பதிக்கட்டும். பிறகு ஆளுக்கொரு நூலைத் தம் பெயரில் எடுத்துச் சென்று படிக்கட்டும். தேதித்தாளில் முதல் தேதி நம் பிள்ளைகளால் விழட்டும். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில் அத்தாள்கள் நிரம்பியிருக்குமாயின், இம்மலரில் எழுதியவர்களின் உழைப்பு பயன்பட்டது என்று நாம் மகிழலாம்.